கிருமி செத்த பிறகு

பணி ஓய்வு நாளில் எனக்கு மாலை போட்டார்கள். பிறகு கையில் மைக்கைக் கொடுத்தார்கள். மாலையை வாங்கிக்கொள்ள முடிந்தது. மைக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. "எல்லாருக்கும் நன்றி" என்று சொன்னதாக நினைவு. அதுகூட இரண்டாவது வரிசையைத் தாண்டியிருக்காது. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் வராது. எழுத உட்கார்ந்தால் ஓரளவு வருகிறது.

தொழுநோயில் திடீரென்று நரம்பு வீங்குகிறவர்களுக்காக இருந்த, நான் வேலை பார்த்த ரியாக்‌ஷன் வார்டை எடுத்துவிட்டு, இப்போது அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டில் போட்டிருக்கிறார்கள். அதில் தவறு சொல்ல ஒன்றும் இல்லை. தொழுநோய் குறைந்துவிட்டது. ஆனாலும் வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும் புதிய நர்ஸ் பிள்ளைகள், கட்டில்களை மாற்றிய அன்று என்னிடம் கேட்டார்கள்: "மாத்திரை சாப்ட்டா கிருமி சாவுது இல்லக்கா? அப்புறம் எப்படி மாத்திரை சாப்பிடும்போதே கை வுழுந்துடுது?"

நல்ல கேள்வி. எத்தனையோ நோயாளிகள் இதையே என்னிடம் கோபமாகக் கேட்டிருக்கிறார்கள். நின்றவாக்கில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மருத்துவமனை மீஞ்சூருக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவில், ரயில் பாதையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்பு முடித்ததும் கட்டுப் போடும் அறையில் உதவிக்குச் சேர்ந்தேன். பேண்டேஜ் துணியை வேகவைத்துக் காயப்போடுவது, புண்ணைக் கழுவுவது, ஆறாத காலுக்கு மெத்தென்ற செருப்பு அளவெடுப்பது என்று சில வருடங்கள் போயின. பிறகு ஒரு நாள் எங்கள் மருத்துவமனை டாக்டர் என்னை நரம்பு பார்க்கும் அறைக்கு மாற்றினார். படிப்பு போதாது என்று யாரோ சொன்னதற்கு, "இதுக்கு அவசரப்படாத கைதான் வேணும்" என்றாராம். என்னிடம் நேரில் சொன்னதில்லை.

அந்த அறையில் ஒரு மேசை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல். அவ்வளவுதான். நோயாளியை உட்காரவைத்து, கண்ணை இறுக மூடச் சொல்வோம். இமையை விரலால் திறந்து பார்ப்போம், திறக்கக் கூடாது. பிறகு கையை விரித்து மேசைமேல் வைக்கச் சொல்லி, சுண்டுவிரலை வெளிப்பக்கமாக விலக்கச் சொல்வோம். விலக்கியதை உள்ளே தள்ளிப் பார்ப்போம். அந்த விரல் எதிர்த்து நிற்க வேண்டும். கட்டைவிரல், மணிக்கட்டு, பாதம் எல்லாவற்றுக்கும் இப்படி ஒன்று உண்டு. அதன்பின் கண்ணைக் கட்டி, பேனா முனையால் தோலில் மெல்லத் தொட்டு, எங்கே தொட்டோம் என்று காட்டச் சொல்வோம். கடைசியாக நரம்பையே தொட்டுப் பார்ப்பது. முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். தெரியாமல் இடித்துக்கொண்டால் விர்ரென்று சுண்டுவிரல் வரை ஏறுமே, அந்த இடம். அங்கே ஒரு நரம்பு ஓடுகிறது. நல்ல உடம்பில் மெல்லிய கயிறு போல இருக்கும். இந்த நோயில் தடித்துப் போகும்.

அதைத் தொடும் விதத்தை டாக்டர்தான் காட்டிக் கொடுத்தார். முதலில் கையை வெந்நீரில் கழுவித் துடைப்பார். குளிர்ந்த கை பட்டால் ஆள் சுருங்கிவிடுவான் என்பார். விரல் நுனியால் குத்தாமல், விரலின் சதைப்பகுதியால் உருட்டுவார். உருட்டும்போது முழங்கையைப் பார்க்கவே மாட்டார். நோயாளியின் முகத்தைத்தான் பார்ப்பார். வலித்தால் வாய் சொல்வதற்கு முன் புருவம் சொல்லிவிடும். எனக்கு அது பெரிய பாடு. எந்த ஆணின் முகத்தையும் நேராகப் பார்த்துப் பழக்கமில்லாதவள் நான். குனிந்தே உருட்டிக்கொண்டிருப்பேன். "கையில என்ன எழுதியிருக்கு? மூஞ்சியப் பாரும்மா" என்பார். குரலை உயர்த்தமாட்டார். பார்க்கும் வரை அதையே திரும்பச் சொல்வார்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் எழுந்து கைகொடுப்பார். செங்கல் சூளையில் வேலை செய்கிறவருக்கும் கைகொடுப்பார், குப்பை பொறுக்குகிற அம்மாவுக்கும் கொடுப்பார். வருடக்கணக்கில் யாரும் தொடாத கை அது. சிலர் வாங்கத் தெரியாமல் கும்பிடுவார்கள். கும்பிட்ட கையையே பிடித்துக் குலுக்குவார். மரியாதைக்குச் செய்கிறார் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது, அந்த ஒரு குலுக்கலில் பிடியின் பலம், தோலின் வறட்சி இரண்டையும் பார்த்துவிடுகிறார். நரம்பு கெட்ட கையில் வியர்வை வராது. கேட்டபோது, "மரியாதையும்தான்" என்றார்.

அந்த நர்ஸ் பிள்ளைகளின் கேள்விக்கான பதிலில் பாதியை லேப்பில் பார்த்தேன். அங்கிருந்த டெக்னீசியன் ஒருநாள் மைக்ரோஸ்கோப்பில் இரண்டு கண்ணாடித் தகடுகளைக் காட்டினார். முதல் கண்ணாடி, உடம்பெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்த ஒரு முதியவரின் காது மடலிலிருந்து எடுத்தது. நீலத் தரையில் கொத்துக் கொத்தாகச் சிவப்புக் குச்சிகள். அத்தனையும் கிருமி. ஆனால் அந்த முதியவரின் கைகள் அப்போது நன்றாக இருந்தன. இரண்டாவது கண்ணாடி, ஒரே ஒரு தேமல் இருந்த இளம் பெண்ணின் தோலிலிருந்து வெட்டியெடுத்தது. எவ்வளவு தேடியும் சிவப்புக் குச்சி ஒன்றுகூடத் தென்படவில்லை. வட்டம் வட்டமாக நெருக்கியடித்துக்கொண்டு அவள் உடம்பின் அணுக்கள்தான் இருந்தன. அவளுக்கோ கை மடங்கிப் போயிருந்தது.

"கிருமி இல்லாத இடத்துலதான் அடி அதிகம் பாருங்க" என்றார் அவர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதைப் புரியவைத்தது ஏழுமலையின் கை.

ஏழுமலை கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ரோலிங் மில்லில் கொறடு பிடிக்கிறவர். பழுக்கக் காய்ந்து வரும் இரும்புக் கம்பியைக் கொறடால் கவ்வி, அடுத்த உருளைக்குள் திருப்பிவிட வேண்டும். பிடி நழுவினால் கம்பி பாம்பு மாதிரி துள்ளி யார் மேலாவது பாயும். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உடம்பு. முதல் முறை வந்தபோது நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்.

"இது தேமல்தான சிஸ்டர்? ஒரு களிம்பு குடுத்தீங்கன்னா பூசிக்கினு போய்க்கினே இருப்பேன். ஷிப்டு இருக்குது."

டாக்டர் எழுந்து கைகொடுத்தார். ஏழுமலை கையைப் பேண்ட்டில் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"அது கெடக்குது சார், ரெண்டு மூணு வருசமா. அரிக்கல, வலிக்கல. அதுக்குப் போயி ஆஸ்பத்திரிக்கு வருவாங்களா?"

"அரிக்கல, வலிக்கலன்னா அதுக்குத்தான் வரணும்."

முதுகிலும் கைகளிலுமாகப் பல இடங்களில் தேமல் இருந்தது. வலது முழங்கைக்கு மேல் ஒரு பெரிய தேமல். அங்கே பேனா முனை பட்டது அவருக்குத் தெரியவே இல்லை. நரம்பு தடித்திருந்தது. ஆனால் விரல்களில் பலம் முழுதாக இருந்தது. மாத்திரை அட்டைகளைக் கொடுத்து, டாக்டர் விளக்கினார். சிறுநீர் சிவப்பாகப் போகும், தோல் கறுக்கும், பயப்பட வேண்டாம் என்றார்.

"ஃபர்னஸ் முன்னால நிக்கறவன் எப்ப சார் செவப்பா இருந்தான்?" என்று ஏழுமலை சிரித்தார். போகும்போது வாசலில் திரும்பி நின்று, "ஊட்ல தெரிய வேணாம் சார்" என்றார். அப்போது சிரிக்கவில்லை.

சில மாதம் ஒழுங்காக வந்தார். பிறகு வரவில்லை. எங்கள் ஆட்கள் தேடிப் போனால், மில் வாசலிலேயே, "நான் நல்லாகீறேன், இங்கல்லாம் வராதீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்து வந்தபோது அவர் தானாக வரவில்லை. அமுலு இழுத்துக்கொண்டு வந்தாள். அமுலு அவர் மனைவி. கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கம்பெனி சுடிதாரோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு அப்படியே வந்திருந்தாள்.

"தா, கையக் காமி. இன்னா பண்ணேன்னு நீயே சொல்லு சாரண்ட."

வலது முழங்கையில் தோல் வழன்று, கொப்புளம் உடைந்து, சதை சிவந்து தெரிந்தது.

"கொறடு புடிச்சுப் புடிச்சு முட்டி வலி சார்" என்றார் ஏழுமலை. "மில்லுல எல்லாருக்கும் வரும். ஃபர்னஸாண்ட செங்கல்ல சூடு பண்ணி, ஈர சாக்குல சுத்தி வெச்சுக்குவோம். கேட்டுடும்."

"சுடலியா?"

"சுடவே இல்ல சார். கல்லு ஆறிப் போச்சுன்னு நெனச்சு, வேற கல்லு கேட்டு வாங்கி வெச்சேன்."

"தோலு வயண்டு தொங்குது, இந்தாளு உக்காந்து நாஷ்டா துண்ணுக்கினு இருக்குறாரு" என்றாள் அமுலு. "சுட்டது தெரியாத மனுசன் எங்கனா உண்டா?"

தேமல் இருந்த தோல் மரத்துப் போயிருந்தது. அதற்குக் கீழே இருந்த நரம்போ விண்விண்ணென்று வலித்தது. இரண்டும் ஒரே முழங்கையில். வலித்த நரம்புக்கு ஒத்தடம் கொடுக்கப் போய், மரத்த தோலைச் சுட்டுக்கொண்டார். பழைய தேமல்கள் எல்லாம் இப்போது சிவந்து, உப்பி, தொட்டால் சூடாக இருந்தன. நான் சுண்டுவிரலைத் தள்ளிப் பார்த்தேன். எதிர்ப்பே இல்லாமல் மடங்கிப் போனது.

"மாத்திரை?" என்று டாக்டர் கேட்டார்.

"கீது சார்."

அமுலு பையிலிருந்து பிரிக்காத அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள். "பீரோ மேல இருந்துச்சு. தோலுக்கு மாத்திரைன்னு சொன்னாரு."

"அது சூட்டு மாத்திரை சார்" என்றார் ஏழுமலை. "ஒண்ணுக்குப் போனா செவப்பா போவுது. ஃபர்னஸ் சூடு ஒரு பக்கம், இது ஒரு பக்கம், ஒடம்பு தாங்குமா? மார்கழி வந்தா ஒரேடியா சாப்ட்டு முடிச்சுடலாம்னு எடுத்து வெச்சேன்."

மில்லில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்குச் சூடு என்பது சாதாரணப் பேச்சு இல்லை. எந்தச் சாப்பாடு, எந்தப் பழம், எந்த மருந்து சூடு என்று பார்த்துப் பார்த்துத்தான் வேலைக்குப் போவார்கள். அதனால் டாக்டர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"இவங்களுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று டாக்டர் கேட்டார்.

ஏழுமலை தரையைப் பார்த்தார். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார்.

அமுலு எழுந்து வெளியே போனாள். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினாள். கழுத்து அட்டை நனைவதுகூடத் தெரியாமல் கழுவிக்கொண்டே இருந்தாள். ஏழுமலை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் போய்விடுவாள் என்றுதான் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்து, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பசங்களுக்கு வருமா சார்?"

"கூட்டிட்டு வாங்க, பார்த்துடுவோம். பெரும்பாலான உடம்பு இந்தக் கிருமிய வந்த வழியிலயே முடிச்சுடும். உங்க உடம்பும் முடிச்சிருக்கும். இவர் உடம்பு முடிக்கல."

"அப்ப இத்தன வருசம் ஒண்ணும் பண்ணலியே? மாத்திரை துண்ணப்புறம்தான இப்படி ஆச்சு?"

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். அவர் சொன்னதை எனக்கு நினைவிருக்கிற வரை எழுதுகிறேன். இத்தனை வருட வேலையில் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"கொசு கடிச்சா வீங்குதில்ல? அந்த வீக்கத்தக் கொசுவா வெச்சுட்டுப் போச்சு? வீங்குறது நம்ம உடம்பு. வேண்டாதது வந்துடுச்சுன்னு உடம்பு ஓடி வருது. அதுதான் வீக்கம், அதுதான் சூடு, அதுதான் வலி. இந்தக் கிருமி ரொம்ப மெதுவா வளரும். நரம்போட உறைக்குள்ள போய் உக்காந்துக்கும். அடக்க வர்ற அணுக்கள் இத முழுங்கும், ஆனா செரிக்காது. கிருமி அதுக்குள்ளயே உயிரோட இருக்கும். இவர் உடம்பு பல வருசமா அதக் கண்டுக்காமத்தான் இருந்துச்சு. அதனாலதான் அரிப்பும் இல்ல, வலியும் இல்ல. இப்ப திடீர்னு முழிச்சுக்கிச்சு; மாத்திரை சாப்பிடாதவங்களுக்கும் இப்படி முழிச்சுக்கும். கிருமி இருக்குற எடமெல்லாம் ஓடி வந்து சூழ்ந்துக்குது. செத்த கிருமிக்கும் வரும், உயிரோட இருக்குறதுக்கும் வரும். அதுக்கு வித்தியாசம் தெரியாது. தோல்ல வீங்கினா பரவால்ல, எடம் இருக்கு. முழங்கையில நரம்பு எலும்புப் பள்ளத்துக்குள்ள போகுது. அங்க வீங்க எடம் இல்ல. வீங்கினா நரம்பையே நெரிச்சுடும்."

அமுலு ஏழுமலையின் முழங்கையைப் பார்த்தாள். "அப்ப கிருமி கைய எடுக்கல. இவரு ஒடம்பேதான் எடுக்குது."

"ஆமா."

இரண்டாவது கண்ணாடியில் நெருக்கியடித்து நின்ற அணுக்கள் அப்போது என் நினைவுக்கு வந்தன. இந்தக் காலத்தில் கடைக்குக் கடை எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பானம் விற்கிறார்கள். அந்த வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு தயக்கம். எதிர்ப்பு இல்லாவிட்டால் நோய் பரவுகிறது; எதிர்ப்பு அளவு மீறினால் அதுவே கையை எடுத்துவிடுகிறது. எங்கள் வார்டு இருந்ததே இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

கிருமிக்கான மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டும், நிறுத்தவே கூடாது. கூடவே உடம்பை அடங்கவைக்க ஸ்டீராய்டு கொடுத்து, அதை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். கையை அசையாமல் வைக்க ஸ்பிளின்ட் போட வேண்டும். மாதக்கணக்கில் கொறடைத் தொடக்கூடாது.

"கொறடு வுட்டா வேற ஆளு வந்துடுவான் சார்" என்றார் ஏழுமலை.

"கை வருமா சார்?" என்றாள் அமுலு.

"வலதுல பலம் போய் எத்தனை நாளாச்சுன்னு தெரியல. வரும்னு என்னால சொல்ல முடியாது. இப்ப ஆரம்பிச்சா வரலாம். ஆரம்பிக்கலன்னா வராது."

அவளே சேர்த்துவிட்டுப் போனாள். ஸ்பிளின்ட் பார்ப்பதற்கு எலும்பு முறிவுக்குப் போட்ட கட்டு மாதிரி இருந்தது வசதியாகப் போயிற்று. வண்டியிலிருந்து விழுந்துவிட்டதாக மில்லில் சொல்லிக்கொண்டார்கள். ஸ்டீராய்டில் பசி எடுக்கும், முகம் உருண்டையாகும். பார்க்க வந்த மில் தோஸ்து ஒருவர், "இன்னாப்பா, கை ஒடஞ்சா மூஞ்சி வீங்குமா? மாமியார் ஊட்டு சோறா?" என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

சீக்கிரமே வலி போய்விட்டது. எங்கள் வார்டில் நாங்கள் பயப்படுவது அதற்குத்தான். வலி போனது வீக்கம் அடங்கத் தொடங்கியதன் அடையாளம். நரம்பு பிழைத்ததன் அடையாளம் இல்லை. ஆனால் கூலி வேலை செய்கிறவருக்கு வலி போனால் நோய் போன மாதிரிதான். மில் மேஸ்திரி, ஆள் இல்லை, வா என்று போன் செய்தாராம். ஏழுமலை எங்களிடம் வீட்டில் விசேஷம் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில், டாக்டர் அனுப்பிவிட்டார் என்று சொன்னார். கிருமி மாத்திரையை மட்டும் அமுலு முன்னால் விழுங்கினார். ஸ்டீராய்டைக் கைவிட்டார். ஸ்பிளின்டை ஆணியில் மாட்டிவிட்டு, வலது கையின் கட்டைவிரலையும் இரண்டு விரல்களையும் வைத்துக்கொண்டே கொறடு பிடித்தார். சுமை முழுக்க இடது கையில்.

வார்டில் இருந்தபோது அமுலுவுக்குச் சுண்டுவிரலைத் தள்ளிப் பார்ப்பதைக் கற்றுக்கொடுத்திருந்தேன். எல்லா வீட்டாருக்கும் கற்றுக்கொடுப்பதுதான். பலர் இரண்டு நாள் செய்துவிட்டு விட்டுவிடுவார்கள். அமுலு விடவில்லை. பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிற நேரத்தில், அவர்களோடு இவரையும் உட்காரவைத்துத் தள்ளிப் பார்ப்பாளாம். வலது கையோடு நிறுத்தாமல் இடதையும் பார்த்தாள். ஒரு நாள் இடது சுண்டுவிரல், தள்ளத் தள்ளக் கொஞ்சம் பின்வாங்கியது.

"ரொட்டாங்கைக்கு எப்பவும் பலம் கம்மிதாண்டி" என்றிருக்கிறார்.

"முந்தாநேத்து இருந்துச்சே" என்றிருக்கிறாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் அழைத்துக்கொண்டு வந்தாள். விடுப்பு பற்றி ஏழுமலை சொன்ன பொய் எல்லாம் அன்றுதான் வெளியே வந்தது. நான் இடது முழங்கை நரம்பை உருட்டிப் பார்த்தேன். தடித்திருந்தது. முகத்தைப் பார்த்தேன், புருவம்கூட அசையவில்லை.

"வலியே இல்ல சிஸ்டர். இவதான் சும்மா பேஜாரு பண்றா."

"வலி இல்லாம போறதுதான் மோசம்" என்றார் டாக்டர். வேறொன்றும் திட்டவில்லை. மேசையிலிருந்த செய்தித்தாளில் இரண்டு துண்டு கிழித்தார். ஒன்றை ஏழுமலையின் வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, "இறுக்கிப் பிடிங்க, விடாதீங்க" என்றார். மெதுவாக இழுத்தார். காகிதம் சும்மா வந்துவிட்டது. அடுத்ததை இடது கையில் வைத்தார். "இன்னும் இறுக்கிப் பிடிங்க." ஏழுமலை பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. காகிதம் கொஞ்சம் நின்றது. பிறகு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நூல் நூலாக நழுவி டாக்டர் கைக்குப் போய்விட்டது.

பழுத்த கம்பியைக் கவ்வித் திருப்பிய கை அது. ஒரு பேப்பரைப் பிடிக்க முடியவில்லை.

ஏழுமலை இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்தபடியே வைத்திருந்தார். எடுக்கத் தோன்றவில்லை போல. "இதுவும் பூட்ச்சுன்னா சோறு எப்படி சார் துண்ணுவேன்?" என்று கேட்டார்.

அமுலு அவர் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து, மேஸ்திரிக்கு அடித்தாள். "அண்ணா, அவரு இனிமே கொறடுக்கு வரமாட்டாரு. வேற ஆளப் பாத்துக்கோங்க" என்றாள். எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். "கை சரியில்ல. அவ்ளோதான்" என்று வைத்துவிட்டாள்.

இந்த முறை ஏழுமலை பாதியில் போகாமல் வார்டில் முழுதாக இருந்தார். கண்ணாடிப் பொருளைக் கொண்டுபோவது போல இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பார். ஸ்டீராய்டு மெல்ல மெல்லக் குறைந்தது. தேமல்கள் தட்டையாகி, ஓரம் மங்கி, தோலோடு போயின. வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. எவ்வளவோ பயிற்சி கொடுத்துப் பார்த்தோம். வரவில்லை.

அந்தச் சிகிச்சை முடிகிற தறுவாயில் ஒரு நாள், டாக்டர் மறுபடி பேப்பர் கிழித்தார். இடது கையில் வைத்து இழுத்தார். நகரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். காகிதம் சர்ரென்று இரண்டாகக் கிழிந்தது. ஒரு பாதி ஏழுமலையின் விரல்களுக்குள்ளேயே இருந்தது.

டாக்டர் "ம்" என்றார். பாராட்டு என்றால் அவர் வாயில் அதற்குமேல் வராது. கையிலிருந்த மற்றப் பாதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கிருமி மாத்திரை முடிஞ்சிட்ச்சுன்னா ஒடம்பு என்னிய வுட்டுடும் இல்ல சார்?" என்று ஏழுமலை கேட்டார்.

"உடனே விடாது. கிருமி செத்துப் போன பிறகும் அதோட மிச்சம் உள்ள கிடக்கும். உடம்பு அதத் தேடிக்கினே இருக்கும். எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு அதுக்கு யாரும் சொல்லமாட்டாங்க. ரெண்டு மூணு வருசத்துக்கு எது வந்தாலும் ஓடி வரணும். வலி வரலன்னாலும் வரணும்."

"தேடிக்கினே" என்று டாக்டர் எங்கள் ஊர் பேச்சு பேசிய ஒரே சமயம் அது.

புதிய பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான். கை விழுவது மாத்திரையால் இல்லை. கிருமியால் மட்டும் என்றும் சொல்ல முடியாது. நோயோடு உடம்பு போடுகிற சண்டை நரம்புக்குள்ளேயே நடக்கிறது. சண்டை நடந்த இடம் அழிந்து போகிறது. தோல் நன்றாகிவிட்டதைப் பார்த்து அனுப்பிவிடாதீர்கள். இரண்டு கையையும் தள்ளிப் பாருங்கள்.

ஏழுமலை இப்போது அதே மில்லில் கேட்டில் வாட்ச்மேனாக உட்காருகிறார். மடங்கிய விரல்களுக்கு ஆபரேஷன் செய்யலாம் என்று சொன்னதற்கு, பிள்ளைகள் கொஞ்சம் பெரிதாகட்டும் என்று தள்ளிப்போட்டுவிட்டார்.

சில மாதங்களுக்கு முன், அமுலு தன் தங்கை கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டாள். திருப்பாச்சூரில் ஒரு மண்டபம். கூட்டமான இடத்துக்கு நான் போவதில்லை. அவள் இரண்டு முறை போன் செய்ததால் போனேன். முதல் பந்தியிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். எதிர் வரிசையில் ஏழுமலையும் அமுலுவும்.

வலது கையால் சோறு அள்ளினால் மடங்கிய விரல்களின் சந்தில் எல்லாம் ஒழுகிவிடும். அதனால் அவர் வெளியிடங்களில் சாப்பிடுவதை விட்டிருந்தார் என்று அமுலு சொல்லியிருந்தாள். கல்யாணப் பந்தியில் இடது கையை இலையில் வைத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் வலது கையை மடியில் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அமுலு அவர் பக்கம் திரும்பவில்லை. தன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். கொஞ்சம் சிந்தியது. அவளுக்குப் பழக்கமில்லை. ஏழுமலை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அவரும் இடது கையை இலையில் வைத்தார்.

சாம்பார் வாளியோடு வந்த சொந்தக்காரப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். "இன்னாடி இது, புருசனும் பொண்டாட்டியும் ரொட்டாங்கையில துண்றீங்க?"

"எங்க ஊட்ல இப்படித்தான்" என்றாள் அமுலு. "நின்னுக்கினு இருக்காத. அவருக்கு ஊத்து."